செவ்வலரித் தீர்த்தம்

எங்கள் அத்தானை நடக்க வைக்கும்படி டொக்டர் சொன்னது மாசி மாதத்தின் நடுவில். நெஞ்சுக்கு வைத்தியம் செய்து வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் கொஞ்ச நேரமாவது நடக்கவேண்டும் என்று அந்த மனிதர் வெகு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். கனடாவின் ஸ்காபரோவில் அந்த மாதத்தில் வாசற்படியில் இருந்து காருக்குப் போய்ச் சேருவதே பெரிய காரியம். உப்புப் போட்டும் உருகாத பளிங்குப் பனி. அதில் சறுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் அதற்கு வேறொரு டொக்டரைத் தேடவேண்டும்.

அத்தான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. பேக்கரித் தொழிற்சாலை ஒன்றில் நின்று நின்று கால் வீங்கி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். அக்கா அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். அம்மா போன பிறகு அம்மாவின் அதிகாரம் முழுவதையும் எடுத்துக்கொண்டவள் அவள். நான் தலை நரைத்து, பல் வைத்தியர் ஒருவரின் வரவேற்பு மேசையில் இருந்து ஊரையே அதட்டுகிறவள். அவள் முன்னால் மட்டும் இன்னும் சட்டை பின்னுக்குப் பூட்டாத சின்னப்பிள்ளை.

ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபோது அத்தானுக்கு ஒரு பை நிறையக் குளிசைகள் கொடுத்தார்கள். அவற்றில் ஒன்று சின்ன வெள்ளைக் குளிசை. இதயத் துடிப்பு தாளம் தப்பாமல் இருக்க அது. மருந்துக்கடைப் பெண் அதை மட்டும் தனியாக எடுத்துக் காட்டி, இதில் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து, கவனம் என்று சொன்னாள். அன்றிலிருந்து அக்கா அந்தக் குளிசைப் பெட்டியைத் தன் தாலிக்கொடியைக் காக்கிற மாதிரிக் காத்தாள். தானே எடுத்து, தானே கையில் வைத்து, விழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். உப்பை நிறுத்தினாள். தேங்காய்ப்பாலை நிறுத்தினாள். எண்ணெயில் பொரித்த ரோல்ஸ், பற்றிஸ் எல்லாம் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. அத்தானின் உயிரை இந்த உலகத்தில் யாராவது காப்பாற்றுவதென்றால் அது அக்காதான் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

முதலில் கடைகள் நிறைந்த மோலுக்குள் நடக்கக் கூட்டிப்போனாள். அங்கே ஊர்ச்சனம் முழுக்க நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவரும் நிறுத்தி, "அண்ணைக்கு என்ன நடந்தது, எத்தனை குழாய் அடைச்சது" என்று விசாரித்தார்கள். நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். ஒவ்வொரு கண்ணும் அவர்மேல் படுகிறது என்று அக்காவுக்கு ஒரே கலக்கம். அப்போதுதான் நான் வாயைத் திறந்து, நகரத்தின் நடுவில் இருக்கிற பழைய கண்ணாடித் தோட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நூறு வருடத்துக்கும் மேலாக நிற்கிற தோட்டம். உள்ளே போகக் காசு இல்லை. வெளியே எவ்வளவு உறைந்தாலும் உள்ளே மரம் பூக்கும். தெரிந்த சனம் ஒன்றும் வராது.

ஒரு சனிக்கிழமை பகலில் மூன்று பேருமாகப் போனோம். தோட்டத்தைச் சுற்றியுள்ள பூங்கா வெறிச்சோடிக் கிடந்தது. இலையுதிர்ந்த மரங்களுக்குக் கீழே, பனிக்கு நடுவே, தார்ப்பாய் போர்த்திய சின்னக் கூடாரங்கள் சில. ஒன்றின் வாசலில் ஒற்றைச் சப்பாத்து. அத்தான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா கையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளைப் பூச்சு உரிந்த இரும்பு விலா எலும்புகளுடன் அந்தக் கண்ணாடிக் கூடு எங்களுக்கு முன்னால் நின்றது. உள்ளே ஆவி படிந்திருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. ஏன் என்று தெரியாது, திரும்பிப் போய்விடலாமா என்று எனக்கு ஒரு நொடி தோன்றியது. காரை நிறுத்தக் கொடுத்த காசு நினைவுக்கு வர, கதவைத் தள்ளினேன்.

முதல் மண்டபம் பனை, வாழை, தென்னை என்று வெக்கையாக இருந்தது. மூக்குக்கண்ணாடி உடனே வெளுத்தது. தலைக்கு மேலே எங்கேயோ நீர் சொட்டிக்கொண்டே இருந்தது. அத்தான் மூச்சு வாங்கினார். வெக்கை இவருக்குக் கூடாது என்று அக்கா பக்கத்து அறைக்குக் கொண்டுபோனாள். அந்த அறை மத்தியதரைக்கடல் நாட்டு மரங்களுக்கு என்று வைத்திருந்தது. குளிரும் இல்லை, வெக்கையும் இல்லை. ஒலிவ், அத்தி, எலுமிச்சை, இன்னும் பெயர் தெரியாத சாம்பல் நிறப் பற்றைகள். கோடையில் காய்ந்து, மாரியில் மட்டும் மழை பெய்கிற நாடுகளில் வளர்பவை என்று சுவரில் எழுதியிருந்தது. வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. யாழ்ப்பாணத்து வெயிலும் மழையும் அதே கணக்குத்தானே. அந்த நாடுகளுக்கு நான் போனதே இல்லை. ஆனால் அந்த அறையின் காய்ந்த மண் வாசம் எனக்குப் புதிதாக இருக்கவில்லை.

சுவரோரமாக இருந்த வாங்கில் அத்தானை உட்கார்த்தினோம். அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கூரையைப் பார்த்தார்.

"தங்கச்சி, உது என்ன? செத்துக் கிடக்கோ?" என்றார்.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். கூரைக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம், பனிக்கு நடுவே, ஒரு பறவை சிறகை விரித்தபடி கிடந்தது. கீழே இருந்து பார்க்க அதன் வயிறும் மடங்கிய கால்களும் மட்டும் தெரிந்தன. உள்ளே தெரிந்த பச்சையை நம்பி வந்து மோதியிருக்கவேண்டும்.

"நித்திரை கொள்ளுது அத்தான்" என்றேன். என் வாய்க்கு வேறு பொய் கிடைக்கவில்லை. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த நேரம் அக்கா அறையின் மறுமூலையில் இருந்து கூப்பிட்டாள். கோவிலில் சுவாமி வெளிவீதி வரும்போது கூப்பிடுகிற குரல்.

"எடி, இஞ்சை ஓடி வா! செவ்வலரி!"

உண்மைதான். ஆளுயரத்துக்கு ஒரு செவ்வலரி. நீளமான தடித்த இலைகள். காலம் தப்பி ஒரே ஒரு கொத்துப் பூத்திருந்தது, நல்ல இரத்தச் சிவப்பில். முருகனுக்கு உகந்த பூ. அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்த அதே கிழமையில் அவளுடைய துளசி பட்டுப்போயிருந்தது. வருடா வருடம் மாரியில் அது படுவதுதான். ஆனாலும் இந்த முறை அவள் அதை ஒரு கெட்ட சகுனமாக எடுத்து, யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருந்தாள். இப்போது முருகனே கூப்பிட்டு முன்னால் நின்று பதில் சொன்னதாக நினைத்துவிட்டாள்.

மரத்தின் அடியில் ஒரு சின்னப் பலகை குத்தியிருந்தது. ஆங்கிலப் பெயர், அதன் கீழே, தொடவேண்டாம், எல்லாப் பாகமும் நஞ்சு என்று இருந்தது. நான் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"உது மஞ்சள் அலரிக்கு எழுதினது" என்றாள் அவள், யோசிக்காமலே. "அந்தக் காய்தான் நஞ்சு. இது முருகனுக்கு வைக்கிற பூ. சாமிக்கு வைக்கிறதிலை நஞ்சு இருக்குமோ?"

எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்வார்கள். அலரி என்றால் மஞ்சள் அலரிக்கு மட்டும் பயம். அந்தப் பெயரைச் சொன்னாலே பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள். எங்கள் ஒழுங்கையிலும் அதனால் சாவு விழுந்த வீடு ஒன்று இருந்தது. சிவப்பு அலரி அந்தக் கணக்கில் வராது. அது கோவிலடியில் நிற்கும், மாலையில் இருக்கும், அம்மன் காலடியில் கிடக்கும். எனக்கும் அப்படித்தான் மனதில் பதிந்திருந்தது. போதாததற்கு, பூவை யார் சாப்பிடப்போகிறார்கள்?

"படம் எடு" என்று அக்கா மரத்தோடு ஒட்டி நின்றாள். எடுத்தேன். அடுத்து என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். என் அக்காவின் வீட்டுத் தோட்டத்தில் கேட்டு வாங்கி வைத்த செடி ஒன்றுகூட இல்லை. பூந்தடியோ கறிவேப்பிலைக் கன்றோ, களவாக எடுத்து நட்டால்தான் வேர் பிடிக்கும் என்பது அவளுடைய அசையாத நம்பிக்கை. கோவில் மண்டபத்து மல்லிகை, பக்கத்து வீட்டு இத்தாலியனின் ரோசா, வங்கி வாசலில் நின்ற ஏதோ ஒன்று, எல்லாம் அவளுடைய கைவரிசை. அதில் அவளுக்குக் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

"அக்கா, இது காட்சிக்கு வைச்ச மரம். பிடிச்சால் மானம் போகும்."

"நீ அங்காலை பாத்துக்கொண்டு நில்."

காவலாள் பனை மண்டபத்தில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தான். நான் அவன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன முறிகிற சத்தம். திரும்பிப் பார்த்தபோது அக்காவின் கோட்டுக் கைக்குள் ஒரு முழத் தடி போய்விட்டது. முறிந்த இடத்தின் பிசினை விரலில் இருந்து அவள் கோட்டில் துடைத்தாள். அந்த விரலாலேயே போய் அத்தானின் தொப்பியைச் சரிசெய்தாள். வெளியே வரும்வரை நான் காவலாளைத்தான் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பயப்படவேண்டியது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வார இறுதியில் நான் போனபோது அந்தத் தடி சாமியறையில் இருந்தது. சாமியறை என்றால், துவாய் அடுக்குகிற அலுமாரியின் தட்டுகளைக் கழற்றி, உள்ளே முருகன் படம் வைத்தது. எண்ணெய் விளக்கின் புகைக்குக் கூரையில் உள்ள புகைக்கருவி கத்தும் என்று பற்றரி விளக்கு. படத்துக்கு முன்னால் செம்புப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர், அதற்குள் செவ்வலரி. பூ வாடி உதிர்ந்திருந்தது. இலை மட்டும் நல்ல பச்சையாக நின்றது.

"வேர் விடும் மட்டும் தண்ணியை மாத்தக்கூடாது. குறையக் குறைய விடவேணும்" என்றாள் அக்கா. "சித்திரையிலை நிலத்திலை வைக்கலாம்."

எனக்கு அது ஒரு பூச்சாடி. அவ்வளவுதான். அத்தான் காலையில் குளித்துவிட்டு, குளிசை எடுக்கும் முன்னர், சாமிக்கு முன்னால் நின்று உள்ளங்கையில் தீர்த்தம் வாங்கிக் குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். அது அவருடைய பழக்கம், ஆஸ்பத்திரியால் வந்த பிறகு இன்னும் கண்டிப்பாக. துளசி போட்ட தண்ணீரை அக்கா கரண்டியால் ஊற்றுவாள். துளசி பட்டுப்போன பிறகு எதை ஊற்றுகிறாள் என்று நான் கேட்கவில்லை. நான் போவது பின்னேரத்தில். கேட்கத் தோன்றவும் இல்லை.

பங்குனி பிறந்தபோது அத்தானுக்குச் சாப்பாடு பிடிக்காமல் போனது. இடியப்பத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பினார். அக்கா குரக்கன் கூழ் காய்ச்சினாள், ஓட்ஸ் காய்ச்சினாள், ஒன்றும் வயிற்றில் நிற்கவில்லை. குடும்ப டொக்டர் இது ஏதோ காய்ச்சல் சுற்றித் திரிகிறது என்றார். இரத்தம் எடுக்கச் சொல்லித் துண்டு கொடுத்தார். பனி கொட்டியதால் அது அடுத்த கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஒருநாள் பின்னேரம் நான் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, நீங்கள் வீட்டுக்குப் பெயின்ற் அடிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"இல்லையே அத்தான். ஏன்?"

"எல்லாத்திலையும் மஞ்சள் தூவின மாதிரிக் கிடக்கு. பனியும் மஞ்சளாக் கிடக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். யன்னலுக்கு வெளியே பனி வெள்ளை வெளேரென்று கிடந்தது. சமையலறைக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள். கண்ணூறுதான், மோலுக்குள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்றாள். செத்தல் மிளகாயும் உப்பும் கையில் எடுத்து, அவர் தலையைச் சுற்றி, அடுப்புச் சட்டியில் போட்டாள். புகைக்கருவி வீடு அதிரக் கத்தியது. நான் துவாயை வீசி அடக்கினேன். வேறு நாளென்றால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று அத்தான் அந்தச் சத்தத்துக்குக்கூடத் தலையைத் திருப்பவில்லை.

"காலமை மட்டும் காணாது" என்று அக்கா சொன்னாள். "இனிப் பின்னேரமும் தீர்த்தம் குடுக்கவேணும்."

போகும்போது சாமியறையைக் கும்பிட்டேன். செவ்வலரியில் புதிதாக இரண்டு தளிர் வந்திருந்தது. தண்ணீருக்குள் நூல் நூலாக வெள்ளை வேர். முருகன் கைவிடமாட்டான், பார், பிடிச்சிட்டுது என்று அக்கா பின்னால் நின்று சொன்னாள். அவள் குரலில் அத்தனை நம்பிக்கை இருந்தது. அந்தத் தடி நன்றாக இருந்தது, அத்தான் நன்றாக இல்லை. எனக்கு அந்தத் தளிரைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதற்குக் காரணம் சொல்லச் சொன்னால் எனக்குத் தெரிந்திராது.

அந்த ஞாயிறு காலை அக்காவின் அழைப்பு வந்தது. குரல் இல்லை, மூச்சு மட்டும். நான் போய்ச் சேர்ந்தபோது அம்புலன்ஸ் வாசலில் நின்றது. சாமியறைக்கு முன்னாலேயே விழுந்திருக்கிறார். ஈரத் தலையோடு, நெற்றியில் பாதி பூசிய விபூதியோடு கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரியில் அவருடைய துடிப்பு திரையில் ஓடியது. ஒரு துள்ளல், பிறகு நீண்ட கோடு, அடுத்தது வருமா வராதா என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்க, ஒரு துள்ளல். அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நான் என் எதிரிக்கும் விரும்பமாட்டேன். இளம் டொக்டர் பெண் ஒருத்தி வந்தாள். இரத்தத்தைச் சோதித்தோம், அந்தச் சின்ன வெள்ளைக் குளிசை அளவுக்கு மேல் எடுத்தவரைப் போல இருக்கிறார், வீட்டில் யார் மருந்து கொடுப்பது என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான் அக்காவுக்கு மொழிபெயர்த்தேன்.

அக்கா எழுந்து நின்றாள். "நான்தான் குடுக்கிறனான். ஒரு நாளும் பிசகினதில்லை எண்டு சொல்லு. பெட்டியைக் கொண்டுவந்து காட்டுறன் எண்டு சொல்லு."

சொன்னபடி பெட்டியைக் கொண்டுவந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. டொக்டர் பெண் அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு போனாள். அக்காவின் வாய் கோணியது. தன் கையை யாரோ சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்கிற அவமானம். எனக்கும் கோபம் வந்தது. இந்த மனுசியைத் தவிர வேறு யார் இவரை இப்படிப் பார்ப்பார்கள் என்று முணுமுணுத்தேன்.

மறுநாள் மத்தியானம் அத்தான் கொஞ்சம் தெளிந்தார். திரையில் கோடு குறைந்து துள்ளல் கூடியது. குளிசையை நிறுத்தியிருந்தார்கள். என்னைப் பார்த்து, "வேலைக்குப் போகேல்லையோ?" என்றுகூடக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா குளித்து உடுப்பு மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். நான் நாற்காலியில் சாய்ந்து, முதல்நாள் காலைக்குப் பிறகு முதல் தடவையாகக் கண்ணை மூடினேன்.

கண்ணைத் திறந்தபோது அக்கா வந்திருந்தாள். தலை ஈரம், நெற்றி நிறைய விபூதி. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கைப்பைக்குள் இருந்து ஒரு சின்னப் பிளாஸ்ரிக் போத்தலை எடுத்தாள்.

"இரண்டு நாளாத் தீர்த்தம் இல்லாமல் கிடக்கிறார்" என்றாள் என்னைப் பார்த்து. "ஒரு நாளும் விட்டதில்லை. அதுதான் கொண்டுவந்தனான்."

அத்தான் படுத்தபடியே வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அக்கா மூடியைத் திருகினாள். யன்னல் வெளிச்சம் போத்தலில் பட்டது. தண்ணீர் மெல்லிய பச்சையாக இருந்தது. அதற்குள் ஒரு இலை. நீளமாக, தடிப்பாக, நடுவில் வெளிர் நரம்போடு.

எல்லாப் பாகமும் நஞ்சு. கண்ணாடி அறையில் நானே வாய்விட்டு வாசித்த வரி அப்படியே கண்முன் வந்து நின்றது.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியாது. போத்தலைத் தட்டிவிட்டேன். அது கட்டில் கம்பியில் பட்டுத் தரையில் உருண்டது. தண்ணீர் அக்காவின் சேலைக் கரையை நனைத்தது. இலை தரையில் ஒட்டிக்கொண்டது.

"விசரி! தீர்த்தத்தையோடி தட்டுறாய்?" அக்கா கையை ஓங்கிவிட்டாள்.

"அக்கா, எவ்வளவு நாளா உதைக் குடுக்கிறாய்?"

"எதை?"

"அந்தத் தடி நிக்கிற தண்ணியை."

"அண்டைக்குத் தொடங்கித்தான். துளசி இல்லைத்தானே. முருகன்ரை பூ நிக்கிற தண்ணி..."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. நடைக்கு ஓடினேன். டொக்டர் பெண்ணைக் கண்டுபிடித்து, கைபேசியில் அன்று எடுத்த படத்தைக் காட்டினேன். மரத்தோடு ஒட்டி நின்று அக்கா சிரிக்கிறாள். அவள் காலடியில் பலகை தெளிவாகத் தெரிகிறது. டொக்டர் பெண் படத்தைப் பெரிதாக்கிப் பெயரை வாசித்தாள். அவள் முகம் மாறியதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தச் செடியில் இருப்பதும் இந்தக் குளிசையில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே வகைச் சாமான் என்றாள். குளிசையும் அதுவும் ஒன்றின்மேல் ஒன்றாக உடம்பில் ஏறியிருக்கிறது. சாப்பாடு பிடிக்காமல் போனதும், எல்லாம் மஞ்சளாகத் தெரிந்ததும் அதனால்தான். பூ மஞ்சளோ சிவப்போ வெள்ளையோ, அதில் வித்தியாசம் இல்லை. இன்னும் ஒரு வாய் குடித்திருந்தால் என்று தொடங்கியவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். முறிப்பு மருந்து இருக்கிறது என்று சொல்லிவிட்டு விரைந்தாள்.

திரும்பி வந்தபோது அக்கா கதவடியில் நின்றாள்.

"என்னவாம்? ஒளிக்காமல் சொல்லு."

சொன்னேன். எப்படி மெதுவாகச் சொல்வது என்று எனக்குத் தெரியாது, என் வாய் அப்படி. சொல்லி முடித்ததும் அவள் கத்துவாள், என்னை அடிப்பாள், முருகனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். அதைச் சேலையில் துடைத்தாள். திரும்பப் பார்த்தாள். திரும்பத் துடைத்தாள்.

கட்டிலில் இருந்து அத்தான், "இஞ்சை வா" என்றார். அவருக்கு எல்லாம் கேட்டிருக்கவேண்டும். "நீ வேணுமெண்டே செய்தனி? இல்லைத்தானே. வந்து இரு."

அவள் வந்து இருந்தாள். ஆனால் அவரைத் தொடவில்லை. அன்று மருந்து ஏற்றியபோதும், பிறகு அவர் தண்ணீர் கேட்டபோதும், அவள் எழும்பவில்லை. "நீ குடு" என்று என்னிடம் சொன்னாள். வாயைக் கொஞ்சம் ஈரமாக்க டொக்டர் அனுமதித்திருந்த தண்ணீரை நான்தான் கொடுத்தேன். அக்கா தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தாள்.

அத்தான் பிழைத்துக்கொண்டார். அவர் வீட்டுக்கு வரும் முன்னர் நான் இறப்பர் கையுறை போட்டுக்கொண்டு அந்தத் தடியை எடுத்தேன். வேர் செம்பு முழுக்கச் சுற்றிப் படர்ந்திருந்தது, இழுத்தபோது வரமாட்டேன் என்றது. பையில் கட்டி, செம்போடு சேர்த்து எறிந்தேன். அக்கா வேறு செம்பு வாங்கினாள். அதில் ஒன்றும் போடுவதில்லை. குழாய்த் தண்ணீர் மட்டும்.

வீட்டுக்கு வந்த முதல் காலை நான் அங்கே நின்றேன். அத்தான் குளித்து, விபூதி பூசி, சாமியறைக்கு முன்னால் வந்து நின்றார். வேண்டாம் என்பார் என்று நான் நினைத்தேன். அவர் எப்போதும் போல உள்ளங்கையைக் குழித்து நீட்டினார்.

அக்கா செம்பை எடுத்தாள். சாமிக்கு வைத்த பலகாரத்தைப் படைக்கும் முன்னர் மணந்தால்கூட எங்கள் கையில் அடிக்கிறவள் அவள். எச்சில் பட்டது எதுவும் அந்த அலுமாரிக்குக் கிட்டப் போகாது. அவள் செம்பை வாயில் வைத்து, ஒரு மிடறு குடித்தாள். பிறகு செம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே நின்றாள். தனக்கு ஏதாவது செய்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாள். சமையலறையில் தண்ணீர் கொதித்து அடங்கும் மட்டும் நின்றாள். அதற்குப் பிறகுதான் அவர் கையில் ஊற்றினாள்.

இன்றைக்கும் ஒவ்வொரு காலையும் அப்படித்தான். வெறும் குழாய்த் தண்ணீர் அக்கா, உனக்குப் பைத்தியமா என்று நான் எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். அவள் காதில் விழுவதில்லை. அவள் குடித்துவிட்டுக் கண்ணை மூடி நிற்கிற அவ்வளவு நேரமும் அத்தான் கையை நீட்டியபடி காத்துக்கொண்டு நிற்கிறார்.